பாலத்தை ரயிலிலிருந்து காட்டுங்கள்: ராமேஸ்வரம் டூர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸிலும் வேனிலும் கூட்டம் சேர்த்து அழைத்துப் போகும் சுற்றுலா நிறுவனத்தாருக்கும், அவர்களோடு மைக் பிடித்து வரும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த நாளிலிருந்து, அதைப் பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவிக்கு ஒரே பிடிவாதம். நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நான்கு வருஷம் பாம்பனிலேயே வேலை. "நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாமே, எனக்குத் தெரியாத இடமா?" என்றேன். "உங்களோட போனா டூட்டிக்குப் போன மாதிரி இருக்கும். ஏதாவது டூர்ல போவோம்" என்று சொல்லிவிட்டாள். சரி என்று மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு டூருக்குப் பணம் கட்டினோம். இரண்டு நாள், நாற்பத்திரண்டு பேர், புஷ்பேக் சீட், மூன்று வேளையும் சாப்பாடு. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. அன்றைக்கு அங்கே நின்ற மற்ற டூர் பஸ்களிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் குறை இல்லை. வழிகாட்டியாக வந்த தம்பி தங்கமான பிள்ளை. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்து, ஈரத் துணியோடு ஆளுக்கொரு பக்கம் சிதறியவர்களை ஒரு தலை குறையாமல் எண்ணிச் சேர்த்தார். யார் யாருக்குச் சர்க்கரை என்று நினைவு வைத்திருந்து பதினோரு மணிக்கு பிஸ்கட் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய அட்டவணைதான் என்னை எழுத வைத்தது.

பாலத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். சாலைப் பாலத்தின் நடுவில், வண்டி நிறுத்தக் கூடாது என்ற போர்டைத் தாண்டி நாலடியில் பஸ் ஓரங்கட்டியது. "அஞ்சு நிமிஷம் சார், போட்டோ மட்டும்." எல்லோரும் இறங்கிக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. கீழே ரயில் பாலம். தம்பி அதைக் காட்டி, "1964 புயல்ல இந்தப் பாலத்துல இருந்துதான் ஒரு ரயிலே அப்படியே கடல்ல கவுந்துச்சு" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு செல்ஃபிக்குத் திரும்பினார்கள்.

அது தப்பு. பல வருஷமாக, பல வாய்களில் கேட்டுக்கொண்டிருக்கும் தப்பு.

1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடிக்குப் போன 653-ம் எண் பாசஞ்சர் புறப்பட்டது பாம்பன் ஸ்டேஷனிலிருந்து. பாம்பன் ஸ்டேஷன் தீவுக்குள் இருக்கிறது. அந்த ரயில் பாலத்தைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு கிளம்பி, தீவுக்குள்ளேயே ஓடி, தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றது. பிறகு விசில் அடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தபோதுதான் அலை வந்து மொத்தமாக அள்ளியது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஒருவரும் பிழைக்கவில்லை.

பாலத்துக்கும் அதே இரவில் அடி விழுந்தது. அது தனிக் கதை. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்ட வேலையை, கடலடியில் கிடந்த கர்டர்களையே தேடித் தூக்கி வந்து பொருத்தி, 46 நாளில் முடித்தார்கள். முன்நின்று செய்த இளம் இன்ஜினியர்தான் பிற்பாடு கொங்கன் ரயில் பாதையும் டெல்லி மெட்ரோவும் கட்டிய ஸ்ரீதரன். இதை ஒருவரும் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தப் புயலன்று ராமேஸ்வரத்தில் இருந்ததை மட்டும் ஒருவரும் விடுவதில்லை!

ரயில் எங்கே மூழ்கினால் என்ன, செத்தவர்கள் செத்தவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். அன்று மத்தியானம் எங்கள் கூட்டம் தனுஷ்கோடியில் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த ரயில் வந்து சேர வேண்டிய ஊர் அது. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் பாலத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

சரி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். பாலத்தை மேலிருந்து காட்டாதீர்கள். ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போங்கள்.

இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. மதுரை–ராமேஸ்வரம் பாசஞ்சர் இருக்கிறது. ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ உங்கள் கூட்டத்தை இறக்கி அதில் ஏற்றிவிடுங்கள். பஸ் காலியாகச் சாலை வழியே போய் ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கட்டும். மண்டபத்திலிருந்து முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு ஆகும் செலவு, நீங்கள் ஆளுக்கு ஒன்று கொடுக்கும் தண்ணீர் பாட்டிலைத் தாண்டாது.

ராமநாதபுரத்திலேயே ஏற்றினால் இன்னும் நல்லது. வாலாந்தரவை, உச்சிப்புளி என்று போகப் போக மண் வெளுத்துக்கொண்டே வரும். பனையும் உடைமரமுமாக இருக்கும். காற்றில் கருவாட்டு வாசம் கலக்க ஆரம்பித்தால் மண்டபம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை கடல் கண்ணில் சரியாகப் படாது. மண்டபம் தாண்டியதும் வீடுகள் சட்டென்று முடிந்துபோகும். சக்கரத்தின் சத்தம் மாறும். தரையில் தடதடவென்று வந்தது, அடியில் வெற்றிடம் வந்ததும் கூடு தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். ஜன்னலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தண்டவாளத்தை விட்டால் தண்ணீர்தான்.

1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில், 2022 டிசம்பரில் போக்குவரத்து நிற்கும் வரை, ரயில் மாட்டு வண்டி வேகத்தில் போனது. காற்றின் வேகத்தை அளக்க அங்கே ஒரு கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், எந்த ரயிலும் ஏற முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மண்டபத்தில் மணிக்கணக்கில் நின்ற ரயில்களை நான் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றில் புது போல்ட் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பழுப்பேறிவிடும். சுரண்டுவோம், பெயின்ட் அடிப்போம், மறுபடி சுரண்டுவோம். பாலத்தில் ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பதற்குச் சின்னதாக இடம் விட்டிருப்பார்கள். ஒரு சாண் தூரத்தில் பெட்டிகள் போக, கீழிருந்து தூறல் முகத்தில் அடிக்க நின்றவனுக்கு, மேலே பஸ்ஸை நிறுத்தி எடுக்கிற போட்டோ கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். அந்தத் தற்பெருமையை மன்னிக்க வேண்டும்.

தூக்குப் பாலத்தையும் சரியாக விளக்குங்கள். பழையது இரண்டு கைகளை விரித்துத் தூக்குவது போலத் திறந்தது. இரு பக்கமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்ற வேண்டியிருந்தது. புதியது அப்படியில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் நேராக மேலே ஏறும், மோட்டார் விசையில். இந்தியாவில் கடலுக்கு மேல் இப்படி ஒன்று இதுதான் முதல். இதையெல்லாம் மைக்கில் சொல்ல இரண்டு நிமிஷம் போதும், அதுவும் ரயில் மண்டபத்தில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். பாலத்தில் ஏறியதும் தயவுசெய்து பேசாதீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இரண்டாம் நாள் திரும்பும்போது, தம்பியிடம் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் டூரைக் கழற்றிவிட்டு பாசஞ்சரில் ஏறினோம். பாலம் முழுக்க என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபம் வந்ததும், "இதுக்குத்தானே வந்தோம், முதல்லயே இதுல வந்திருக்கலாம்ல?" என்றாள். டூரில் போவோம் என்றது யார் என்று நான் நினைவுபடுத்தவில்லை. நாற்பது வருஷ அனுபவம்.

அடுத்தது மண்டபம் கேம்ப். எங்கள் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது டிவியில் காமெடி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு அம்மா, எழுபதை நெருங்கும் வயது. சட்டென்று எழுந்து நின்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். "உக்காருங்கம்மா, பிரேக் போட்டா விழுந்துடுவீங்க" என்றார் தம்பி. உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் என் மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் பிறந்தது இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964 அக்டோபரில் ஆனதல்லவா, அதன்படி இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்பில் தங்க வைத்து, அப்புறம் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். "கப்பல் பேரு ராமானுஜம். எனக்குப் பதினாலு வயசு. அந்தக் கேம்ப்லதான் எங்க தாத்தாவையும் வெள்ளைக்காரன் காலத்துல அடைச்சு வச்சு ஊசி போட்டு அனுப்புனாங்களாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னது உண்மை. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில், நோய் பரவாமல் இருக்க அவர்களைத் தடுத்து வைத்து அனுப்பிய முகாம் அது. இந்தியக் கரையில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். அந்த ஆட்களும் வியாபாரிகளும் அதிகாரிகளும் போன வழிதான் போட் மெயில். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். ஒரே டிக்கெட். பாம்பன் பாலம் கட்டியதே அதற்குத்தான். கோயிலுக்குப் போகிறவர்களுக்காகக் கட்டினார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்வதையும் திருத்திக்கொள்ளுங்கள். 1964-க்கு அப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போக ஆரம்பித்தது, 1984-ல் அதுவும் நின்றது. 1983 கலவரத்துக்குப் பின் அதே மண்டபம் கேம்புக்கு அகதிகளாக வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே வசிக்கின்றன. அதனால் முகாமுக்குள் பஸ்ஸை விட்டு வேடிக்கை காட்டச் சொல்லவில்லை, அது அசிங்கம். வேகத்தைக் குறையுங்கள், டிவியை நிறுத்துங்கள், நான்கு வரி சொல்லுங்கள். எழுந்து நின்றவரை உட்காரச் சொல்லாமல், என்னம்மா பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம்.

இனி அந்த சங்குக் கடை. தனுஷ்கோடி முழுவதற்கும் நாற்பது நிமிஷம் ஒதுக்கிய அட்டவணை, கடைக்கு ஐம்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தது. கமிஷன் விஷயம் எனக்குப் புரிகிறது. தம்பிக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளத்தில் அது இல்லாமல் அவர் வண்டி ஓடாது. சங்கு வளையல், சிப்பி மாலை விற்கட்டும், எத்தனையோ குடும்பம் அதில் சாப்பிடுகிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தது வெள்ளைப் பவளக் கிளை. வன உயிரினச் சட்டத்தில் பவளத்தை 2001-லேயே முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கும் அட்டவணை அது. வீட்டு ஷோகேஸில் வைக்கலாம் என்று ஆசையாக வாங்கியவர் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவரை அந்தக் கடைக்கு அழைத்துப் போனது உங்கள் அட்டவணை.

பவளத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது, காசு செலவில்லாமல். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச் சுவருக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நில்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கல் மாதிரி தெரியும். பக்கத்தில் போனால் கல் முழுக்க நெருக்கமாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் நட்சத்திரம் மாதிரி மெல்லிய தடுப்புகள். விரலை வைத்தால் ஜாதிக்காய் உரசுகிற அரத்தைத் தொட்ட மாதிரி சொரசொரக்கும். அத்தனையும் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப் பாறை. ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் படகு படகாக இப்படி வெட்டியதில், மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனால் மணல் எப்படி நிற்கும்? தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள்.

பாம்பன் பக்கமிருந்து தூத்துக்குடி வரை இந்த மாதிரி 21 தீவுகளைச் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உங்கள் நோட்டீஸில் 'மரைன் பார்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். நேரில் நாங்கள் பார்த்தது பாலத்தின் மேலிருந்து தம்பி கை நீட்டிய திசையைத்தான். தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது, அது சரிதான். வனத்துறை அனுமதித்த படகில் போய், அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அதற்கு நேரம் இல்லை என்றால் நோட்டீஸிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாம்பனில் சின்னப்பாலம் என்ற மீனவர் கிராமத்தின் பக்கம் அரை மணி நேரம் நிற்கலாம். கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசிதான் அகர் அகராகி நாம் சாப்பிடும் ஜெல்லிக்குள் வருகிறது. பூங்கா எல்லை எங்கே ஆரம்பிக்கிறது, அதனால் தங்கள் பிழைப்பு எப்படிச் சுருங்கியது என்று அவர்களில் ஒருவர் சொன்னால், உங்கள் மைக்கைவிட நன்றாகச் சொல்வார். அதற்கு அவருக்கு ஒரு தொகை கொடுங்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில், "இது ஆண் கடல், அது பெண் கடல்" என்று இரண்டு பக்கமும் கை காட்டிவிட்டு பஸ்ஸுக்கு விரட்டினார் தம்பி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் குதிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை திரும்பினால் பெண் கடல் என்று பேர் வாங்கியதுதான் படகைத் தூக்கி எறியும். 1964-ல் புயல் வந்ததும் டிசம்பரில்தான். இதை அங்கே சிப்பி விற்கும் பையனே சொல்வான். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது. மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கும் குடும்பங்கள் வாழ்கிற இடம் அது. எங்கள் பஸ்ஸிலிருந்து அங்கே விழுந்த தண்ணீர் பாட்டில்களை நான் எண்ணினேன், பதினாறு. குளிர்காலத்தில் போனால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீரில் பூநாரைகள் நிற்கும். 2025 ஜூனில் அதைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே ஹாரன் அடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். ஜனங்கள் வருவது கோயிலுக்கு, ரயில் நேரத்தை நம்பி அட்டவணை போட முடியாது, வயதானவர்களை ஏற்றி இறக்குவது சிரமம். மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். மண்டபத்தில் ரயில் நிற்கும் நேரம் குறைவு, நாற்பது பேரை ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டும். ரயில் தாமதமானால் கோயிலில் உச்சிக்காலத்துக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதும் நிஜம். அப்படியானால் திரும்பும்போது ரயிலில் கூட்டி வாருங்கள், அப்போது யாருக்கும் அவசரம் இல்லை. கடையில் ஐம்பது நிமிஷத்தை இருபதாக்கினாலே நேரம் கிடைத்துவிடும்.

வழிகாட்டிகளுக்காக ரயில், புயல், தீவுகள் பற்றி ஒரே தாளில் அடங்குகிற மாதிரி எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம். கூப்பிட்டால் முதல் இரண்டு நடைக்கு நானே கூட வருகிறேன், என் டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். என் மனைவியும் வருவாள்.

கோத்தகிரி அம்மாவிடமும் என் மனைவி போனில் பேசிவிட்டாள். ரயிலில் போவதாக இருந்தால் அவரும் இன்னொரு தடவை வருகிறாராம். ஆனால் போகும்போது இடப்பக்க ஜன்னல்தான் வேண்டுமாம், கப்பல் வந்த கடல் அந்தப் பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
மதுரை